அமெரிக்க வெள்ளி டாலர் நகல்கள்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அமெரிக்காவின் முதல் வெள்ளி டாலரான 1794 டாலரைப் பற்றியவை. பலவற்றில் எடையே இல்லை. நாணயம் பற்றி எழுதும்போது முதல் வரியில் எடையை எழுதுங்கள். எத்தனை முறை சொன்னாலும் இதைத்தான் மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது.

கே: மாமாவின் பெட்டியில் 1794 'ஃப்ளோயிங் ஹேர்' (விரிந்த கூந்தல் முகம்) டாலர் ஒன்று கிடைத்தது. 31 கிராம். பின்பக்கம் பொடி எழுத்தில் 'காப்பி' (COPY) என்று இருக்கிறது. என்ன விலை போகும்? (சிகாகோ)

ப: அசல் 27 கிராம். 31 கிராம் என்றால் ஒரு ட்ராய் அவுன்ஸ், வெள்ளியும் தங்கமும் விற்கும் அளவு. இந்தக் காலத்து நகல். 999 முத்திரை (99.9 சதவீதம் சுத்த வெள்ளி) இருந்தால் அன்றைய வெள்ளி விலையும் அதற்கு மேல் கொஞ்சமும் கிடைக்கும். எடையைச் சொல்லிக் கேட்டதற்கு நன்றி.

கே: படம் இணைத்துள்ளேன். அசலா, போலியா? உடனே பதில் வேண்டும். (கோவை)

ப: முகப்பை மட்டும், அதுவும் மங்கலாக எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். எடை இல்லை, விட்டம் இல்லை, விளிம்பின் படம் இல்லை. இதை வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது. அசல் 1794 டாலரின் விளிம்பில் 'ஹண்ட்ரட் சென்ட்ஸ் ஒன் டாலர் ஆர் யூனிட்' என்ற எழுத்து ஓடும். அன்று பிலடெல்பியா நாணயச் சாலையில் இருந்த அச்சு இயந்திரம் இவ்வளவு பெரிய காசுக்குப் போதவில்லை. அதனால் அசலில் இடப்பக்க நட்சத்திரங்களும் ஆண்டு எண்ணும் மங்கலாகவே விழுந்திருக்கும். சுற்றிலும் ஒரே கூர்மையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். அன்று வெளியே வந்தவை 1,758; 2013-ல் ஒன்று ஒரு கோடி டாலருக்கு ஏலம் போனது. வெள்ளியில் காந்தம் ஒட்டாது; ஒட்டினால் எனக்கு எழுதவே வேண்டாம்.

கே: '1804 டாலர், சுத்த வெள்ளி பூச்சு' என்று விளம்பரம். 20 டாலர்தான். வாங்கலாமா? (சிங்கப்பூர்)

ப: பூச்சு என்றால் முலாம். டாலர் அளவுக் காசில் ஒரு மைக்ரான் தடிமனுக்கு வெள்ளி பூசினால் மொத்தம் 30 மில்லிகிராம்தான் பிடிக்கும். மீதி பித்தளையோ செம்போ. 'சுத்த வெள்ளி' என்ற சொல் அந்த 30 மில்லிகிராமுக்கு மட்டுமே பொருந்தும். வேண்டாம்.

1804 ஆண்டு போட்ட டாலரை 1804-ல் யாரும் அச்சிடவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சையாம் (இன்றைய தாய்லாந்து) மன்னருக்கும் மஸ்கட் சுல்தானுக்கும் பரிசளிக்க 1834-ல்தான் முதலில் அடித்தார்கள். பின்னால் அடித்தவற்றையும் சேர்த்து உலகத்தில் 16 இருக்கின்றன. பாட்டி வீட்டில் பதினேழாவது கிடைத்தது என்று எழுதுபவர்கள் தயவுசெய்து எடை போட்டுவிட்டு எழுதுங்கள்.

கே: என் 1799 டாலர் நகல் அருமையான வேலைப்பாடு. அந்தக் 'காப்பி' எழுத்துதான் உறுத்துகிறது. பாலிஷ் போட்டு எடுத்துவிடலாமா? விற்கப்போவதில்லை. (டல்லாஸ்)

ப: கூடாது. இந்தக் கேள்வி மாதம் ஒன்றாவது வருகிறது, ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது.

நல்ல நகலுக்கும் போலிக்கும் நடுவில் இருக்கும் ஒரே வேலி அந்த நான்கு ஆங்கில எழுத்து. அமெரிக்காவில் 1973-ல் இதற்கென்றே சட்டம் கொண்டுவந்தார்கள். பழைய நாணயத்தைப் போலச் செய்கிறவரும் இறக்குமதி செய்கிறவரும் 'காப்பி' என்று அழியாதபடி பதிக்க வேண்டும். எழுத்தின் உயரம், அகலம், ஆழம் வரை விதி உண்டு. டாலர் அளவுக் காசுக்கு உயரம் குறைந்தது 2 மில்லிமீட்டர். 2014-ல் விற்பவரையும், தெரிந்தே அவருக்குத் துணைபோகிறவரையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அவ்வளவு போராடிப் பதிக்க வைத்த எழுத்தை நீங்கள் வீட்டில் உட்கார்ந்து தேய்த்து எடுக்கப் பார்க்கிறீர்கள்.

நீங்கள் விற்க மாட்டீர்கள், நம்புகிறேன். உங்களுக்குப் பிறகு அது யார் கைக்குப் போகும்? தேய்த்த இடத்தில் பள்ளம் விழும். அதை மறைக்க ஒருவர் கருமை ஏற்றுவார். அடுத்தவர் அசல் என்று நம்பிப் பணம் கொடுப்பார். பின்பக்கக் கழுகின் வாலருகே இப்படிச் சுரண்டிக் கருப்படித்த ஒரு '1799'-ஐ என்னிடம் கொண்டுவந்தவர், அதற்குத் தன் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்திருந்தார். லென்ஸ் வைத்துப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவரிடம் அதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

இது புதிய தொல்லையும் இல்லை. மாசசூசெட்ஸின் பழைய வெள்ளிக் காசான 'பைன் ட்ரீ' ஷில்லிங்கை நியூயார்க்கில் வையட் என்பவர் 1856-லேயே போலியாக அடித்துப் புதையல் என்று கதை கட்டினார். 1876-ல் அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டுக் கண்காட்சியை ஒட்டி அடித்த, 1776 ஆண்டு போட்ட 'கான்டினென்டல்' டாலர் நகல்களிலும் எந்தக் குறியும் இல்லை. இன்றைக்கும் அவற்றை அசல் என்று எடுத்து வருகிறார்கள். முத்திரை இல்லாத நகல் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறவர்களுக்கும் இதே பதில்தான். முத்திரை உறுத்தினால் அந்தப் பக்கத்தை அடியில் வைத்து அடுக்குங்கள்.

கே: 1776 கான்டினென்டல் டாலரின் வெள்ளி நகல் வாங்கினேன். அசலும் வெள்ளிதானே? (எடிசன், நியூஜெர்சி)

ப: பெரும்பாலும் இல்லை. அசல்களில் மிகுதியானவை வெள்ளீயக் கலவை; வெள்ளியில் இருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. சூரியக் கடிகாரமும் பதின்மூன்று வளையமும் அழகு, ரசியுங்கள். 1793 'செயின்' சென்ட் நகல் வெள்ளியில் வந்தாலும் இதே கதை. அசல் செம்பு.

கே: எடை சரியாக 31 கிராம். ஆனாலும் சந்தேகம். வேறு வழி? (சென்னை)

ப: நல்ல கேள்வி. தடிமனைக் கூட்டினால் பித்தளையையும் 31 கிராமுக்குக் கொண்டுவரலாம். தராசில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். நாணயத்தை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். 999 வெள்ளி என்றால் 3 கிராமுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். மூன்றைத் தெளிவாகத் தாண்டினால் உள்ளே வேறு உலோகம். பிறகு மெல்லிய துணியில் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

கே: நகல் கறுத்துவிட்டது. புளி போட்டுத் துலக்கலாமா? (மதுரை)

ப: வேண்டவே வேண்டாம். 999 வெள்ளி மிருதுவானது, கீறல் விழுந்தால் போகாது. ரப்பர் பேண்டும் பி.வி.சி. பிளாஸ்டிக் உறையும் வெள்ளியைக் கெடுக்கும்; இருந்தால் முதலில் அவற்றை அப்புறப்படுத்துங்கள்.

கே: பத்து வருடத்தில் விலை ஏறுமா? (துபாய்)

ப: வெள்ளி ஏறினால் ஏறும். 'லிமிடெட் எடிஷன்' சான்றிதழுக்குத் தனி மதிப்பு கிடையாது.

கே: முதல் நகலாக எதை வாங்கலாம்? (டொராண்டோ)

ப: அர்கான்சாஸ் மாநிலத்து யுரேகா ஸ்பிரிங்ஸில் 'கேலரி மின்ட்' செய்தவை கண்ணில் பட்டால் விடாதீர்கள். அச்சைக் கையால் வெட்டி, பழைய முறையிலேயே அடித்தார்கள்; 'காப்பி' முத்திரையையும் மறைக்காமல் பதித்தார்கள். அது கிடைக்காவிட்டால் அமெரிக்க அரசு நாணயச் சாலை 2024-ல் வெளியிட்ட 'ஃப்ளோயிங் ஹேர்' வெள்ளிப் பதக்கம். அதில் நாணய மதிப்பு கிடையாது, செலவழிக்க முடியாது; வேலைப்பாடு முதல் தரம். எங்கே வாங்கினாலும் சுத்தமும் எடையும் காசின் மேலேயே பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்த அன்றே தராசில் வையுங்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள்.