எழுத்தைப் பச்சை குத்த ஸ்டென்சில் (தோலில் ஒற்றியெடுக்கும் மாதிரித் தாள்): கேட்டவர்களுக்குப் பதில்

தலவாக்கலை: அண்ணே, வீட்டுக் கணினியில் 'அம்மா' என்று சரியாகத்தான் இருந்தது. கடையில் பிரிண்ட் எடுத்தால் ஆங்கில எழுத்தாக வருகிறது.

பாமினியில் தட்டியிருக்கிறீர்கள், தம்பி. அது ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி போட்ட எழுத்துரு. பாமினி இல்லாத கணினியில் முகமூடி கழன்று எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். இதே ஐந்தையும் ஒருவர் தோளில் பச்சையாகவே பார்த்திருக்கிறேன். குத்தியவருக்குத் தமிழ் தெரியாது, ஏதோ டிசைன் என்று நினைத்துவிட்டார். எழுத்துரு மாறினாலும் தமிழாகவே நிற்கும் யூனிகோடில் தட்டி, எழுத்தைக் கோட்டு வடிவமாக (outline) மாற்றி, பிடிஎஃப்பாகக் கொண்டுபோங்கள். குத்துமுன் தமிழ் படித்த ஒருவரிடம் தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

ஹட்டன்: போட்டோஷாப்பில் 'பொன்னி' போட்டால் கொம்பு ப-வுக்குப் பின்னால் போகிறது.

பழைய பதிப்பாக இருக்கும். கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது மென்பொருளின் வேலை, அதற்கு அது தெரியவில்லை. இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் இலவசம், அதில் இந்தத் தொல்லை இல்லை. அப்புறம், தாளை யாராவது வாசிக்கட்டும்.

பதுளை: ஸ்டென்சிலை இடவலமாகத் திருப்ப வேண்டுமா?

கார்பன் தாளில் கையால் வரைந்தாலும் தெர்மல் இயந்திரத்தில் விட்டாலும் வேண்டாம். மை மேல்தாளின் முதுகில் திரும்பி ஒட்டும், தோலில் வைத்தால் நேராகிவிடும். ஸ்டென்சில் மை ஊற்றிய இன்க்ஜெட் பிரிண்டர் என்றால் மட்டும் திருப்புங்கள்.

பண்டாரவளை: ஆங்கிலத்தில் கோர்த்து எழுதுவது போலத் தமிழ் எழுத்துரு இருக்கிறதா?

அச்சில் நமக்கு அந்த வழக்கமில்லை, தங்கச்சி. இழுத்துக் கோர்த்தால் புள்ளி எந்த எழுத்துக்கு என்று தெரியாமல் போகும். சாய்ந்த கையெழுத்து வேண்டுமானால் கவிவனார் பாருங்கள், நம் இலங்கையின் தாரிக் அஸீஸ் செய்தது, இலவசம். ஒன்று கவனியுங்கள்: எழுத்துருவில் ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு கரை உண்டு. மெல்லிய எழுத்துக்கு இரண்டையும் ஸ்டென்சிலில் எடுத்தால் ஊசி இரட்டைக் கோடு போடும். நடுக்கோட்டை மட்டும் வரைந்தெடுங்கள்.

கொட்டகலை: தாத்தா பெயர் அண்ணாமலை. அவர் பழைய படத்தின் பின்னால் எழுதியபடியே, தும்பிக்கை வைத்த 'லை'யோடு வேண்டும். எந்த எழுத்துருவிலும் வரவில்லை.

நல்ல கேள்வி. அந்தப் பெயரில் 'ணா', 'லை' இரண்டுமே பழைய வடிவம் உள்ளவை; பழைய 'லை'யில் குறி தனியாக நிற்காமல் எழுத்தோடு தும்பிக்கை போல ஒட்டியிருக்கும். யூனிகோடில் பழையதற்கும் புதியதற்கும் ஒரே குறியீடுதான், எந்த உருவம் தெரிய வேண்டும் என்பதை எழுத்துரு முடிவுசெய்கிறது. இப்போது வருபவை பெரும்பாலும் புதியதையே காட்டும். தாத்தா கையெழுத்தையே ஸ்கேன் செய்து, பெரிதாக்கி, மேலே வரைந்தெடுப்பது மேல்.

ஹட்டன்: பழைய லை இப்போது பிழை இல்லையா? நாளைக்குப் பிள்ளைகள் எப்படி வாசிப்பார்கள்?

பிழை என்று யார் சொன்னது? 1978-இல் எழுத்து வடிவத்தை மாற்றியது தமிழ்நாட்டு அரசு, தாத்தா கையை அல்ல.

நுவரெலியா: ஹட்டன்காரர் சொல்வது சரி. வாசிக்க முடியாத பெயர் எதற்கு?

என் அப்பாயி கையில் குறத்தி குத்திய பச்சையில் அதே தும்பிக்கை இருந்தது. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாத நாங்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் கண்டுபிடித்தோம். சரி, இருவரும் விடுங்கள், பச்சை கொட்டகலைக்காரர் கைக்கு.

லிந்துலை: மணிக்கட்டில் 'கிருஷ்ணவேணி', மூன்று சென்டிமீட்டருக்குள் அடங்குமா?

அடங்கும், ஆனால் சில வருடத்தில் மை பரவி, ண-வின் சுழிகள் அடைத்துக் கறுப்புப் பொட்டாகும். சுழிக்குள் முடிந்தவரை வெற்றிடம் விடுங்கள். முன்கைக்கு மாற்றினால் இன்னும் நல்லது.

மஸ்கெலியா: புத்தர் படத்துக்குக் கீழே பெயர்...

2014-இல் கையில் புத்தர் பச்சையோடு வந்த பிரித்தானியப் பெண்ணை நாடு கடத்தினார்கள். என்னிடம் கேட்காதீர்கள்.

நானுஓயா: அண்ணே, ஸ்டென்சிலைத் திருப்ப வேண்டுமா?

பதுளைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கொட்டகலை: படம் கொஞ்சம் மங்கல். அனுப்பவா?

அனுப்புங்கள். போனில் சாய்த்துப் பிடிக்காமல் ஸ்கேன் எடுத்து அனுப்புங்கள். தும்பிக்கையை நானே வரைந்து தருகிறேன்.