செங்கல் ‘அவன்’ (oven) அடுப்புக்குக் கதவு

கேள்வி: கொல்லையில் செங்கல் ‘அவன்’ (oven) கட்டியிருக்கிறோம். தணலை வாரிவிட்டு இரும்புத் தகட்டால் வாயை மூடுகிறோம். ராத்திரி போட்ட சூடு காலையில் இருப்பதில்லை. என்ன செய்யலாம்?
- வாசகர், கோவை

பதில்: ஒற்றைத் தகடு சூட்டை அப்படியே வெளியே கடத்திவிடும். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு தகடுகள் வைத்து, நடுவே சூட்டை எளிதில் கடத்தாத பொருள் வேண்டும்.

1.5 மி.மீ. இரும்புத் தகட்டில், உள்தகடு அவன் வாயைவிடச் சுற்றிலும் 5 மி.மீ. சிறிதாக இருக்கட்டும். இரும்பு சூட்டில் விரியும். அளவு இறுக்கமென்றால் கதவு சிக்கிக்கொள்ளும். வெளித்தகடு வாயைவிட 2 செ.மீ. பெரிதாக, செங்கல் முகத்தில் படியவேண்டும். நடுவில் 50 மி.மீ. செராமிக் ஃபைபர் போர்வையை (சூடு தாங்கும் பீங்கான் இழை விரிப்பு) அழுத்தாமல் வையுங்கள். அழுத்தினால் அதிலுள்ள காற்று போய்விடும். போர்வையை வெட்டும்போது முகமூடி, கையுறை கட்டாயம்.

பலர் கோட்டைவிடுவது ஓரத்தில்தான். இரு தகடுகளையும் சுற்றிலும் இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் செய்தால் அந்தப் பட்டை வழியாகவே சூடு ஓடிவிடும். மூலைக்கொன்றாக நான்கு போல்ட் போதும். திறந்த ஓரத்தில் 12 மி.மீ. செராமிக் கயிற்றைத் திணியுங்கள். வெளித்தகட்டின் உள்விளிம்பிலும் அதே கயிற்றை ஒட்டினால் இடுக்கு அடைபடும்.

ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) தகடு வேண்டாம், சூட்டில் துத்தநாகம் புகையும். தெர்மோகோல் பற்றிப் பேச்சே வேண்டாம். கைப்பிடிக்கு மரக்கட்டை, தகட்டிலிருந்து 4 செ.மீ. தள்ளி.

நெருப்பு எரியும்போது இந்தக் கதவைப் போடாதீர்கள். காற்றில்லாமல் புகைமூட்டமும் நச்சுவாயுவும்தான் மிஞ்சும்.