கேளுங்க, சொல்றேன்: புஷ் பண்ணியாச்சு, நோட்டீஸ் எங்க?

கேள்வி (ஹட்டன்): அண்ணே, எங்க ஸ்கூல் பழைய மாணவர் சங்கத்துக்கு ஹ்யூகோங்கிற ஸைட் செய்ற கருவியில ஒரு ஸைட் செஞ்சி, ஒரு சின்ன விபிஎஸ்ல (வாடகை சர்வர்) நானே எஞ்சின்எக்ஸ்ங்கிற வெப் சர்வர் மென்பொருள் போட்டு வச்சிருக்கேன். எழுதினத கிட்ல (மாற்றங்கள பதிவு பண்ற கருவி) புஷ் பண்ணா, அதாவது அனுப்பினா, தானா பில்ட் ஆகி, அதாவது பக்கங்கள் உருவாகி, சர்வர்ல ஏறிரும். போன சனிக்கிழமை காலையில 9 மணினு தேதி போட்டு கூட்டத்துக்கு ஒரு நோட்டீஸ் எழுதி புஷ் பண்ணேன், எரர் ஒண்ணும் இல்ல, ஆனா நோட்டீஸ் வரவே இல்ல. ராத்திரி வேற பக்கத்துல ஒரு எழுத்துப்பிழைய திருத்தி புஷ் பண்ணதும் பொசுக்குனு வந்து நிக்கிது. பேய் வேலையா?

பதில்: பேய் இல்ல தம்பி, அஞ்சரை மணி நேரம். 9 மணினு போட்டீங்க, எந்த ஊரு 9 மணினு போட்டீங்களா? ஒண்ணும் சொல்லலனா ஹ்யூகோ அத யூடிசினு, அதாவது உலகப் பொது நேரம்னு எடுத்துக்கும். யூடிசி 9 மணினா நம்ம ஊருல மதியம் 2.30. நீங்க காலையில புஷ் பண்றப்ப ஹ்யூகோ கணக்குல அது இன்னும் வராத நேரம், வராத தேதி போட்ட பக்கத்த அது சத்தம் போடாம ஒதுக்கி வச்சிரும், அது அதோட வழக்கம், எரர்னு அது நினைக்கிறதே இல்ல. சரி 2.30க்கு பிறகாவது வந்திருக்கணுமேனு கேப்பீங்க. ஸ்டாடிக் ஸைட்ல (பக்கத்த முன்கூட்டியே ஃபைலா செஞ்சி வைக்கிற ஸைட்) யாராவது பில்ட் பண்ணா தான் பக்கம் பொறக்கும், சர்வர் பாட்டுக்கு பழைய ஃபைல தான் நீட்டிக்கிட்டு இருக்கும். ராத்திரி நீங்க தொட்டதால திரும்ப பில்ட் ஆச்சு, அதோட சேர்ந்து நோட்டீஸும் வந்திருச்சி.

ஹ்யூகோவோட கன்ஃபிக் (அமைப்பு) ஃபைல்ல டைம்ஸோன்னு ஒரு வரி போட்டு ஏஷியா/கொழும்பு குடுங்க. அது டோமல் (TOML) வடிவ ஃபைல்னா அந்த வரிய மேலயே போடுங்க, கடைசியில கொண்டு போய் ஒட்டினா சதுர அடைப்புக்குறி போட்ட ஏதோ ஒரு பிரிவுக்குள்ள போய் விழுந்திரும், ஹ்யூகோ கண்டுக்கவே கண்டுக்காது. எந்தெந்த பக்கம் ஒதுங்கி நிக்கிதுனு பாக்க ஹ்யூகோ லிஸ்ட் ஃபியூச்சர்னு ஒரு கமாண்ட் இருக்கு. அடுத்த வாரத்து நோட்டீஸ இப்பவே எழுதி வைக்கிற ஆளுனா விடியக்காலையில ஒரு பில்ட் ஓடுற மாதிரி கிரான்ல (குறிச்ச நேரத்துக்கு தானா வேலைய ஓட்டுறது) போட்டிருங்க. சில பேரு எதிர்காலப் பக்கத்தையும் சேர்த்து பில்ட் பண்ற ஸெட்டிங்க ஆன் பண்ணிருவாங்க, எனக்கு அது புடிக்காது, எழுதி முடிக்காத அறிவித்தல் எல்லாம் ஊருக்கே தெரிஞ்சிரும்.

கேள்வி (நுவரெலியா): புது சர்வருக்கு மாத்தினேன். பில்ட் ஓகேனு சொல்லுது, ஸைட்ட தொறந்தா 403 (அனுமதி இல்ல)னு வருது. பழைய பக்கம் ஒண்ணையும் காணோம்.

பதில்: தீம (ஸைட்டோட தோற்றத்துக்கான ஃபைல்கள்) கிட் சப்மாடியூலா, அதாவது வேற கிட் களஞ்சியத்துக்கான இணைப்பா மட்டும் வச்சிருக்கீங்களானு பாருங்க. சும்மா க்ளோன் (நகல்) பண்ணா தீம் ஃபோல்டர் இருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது. ஹ்யூகோ "லேஅவுட் இல்ல"னு நாலு வார்னிங் போட்டுட்டு வெற்றினே முடிச்சிரும். அதுக்கு பிறகு உங்க ஸ்கிரிப்ட்ல டிலீட் போட்ட ஆர்சிங்க் (ஃபோல்டர நகலெடுக்கிற கமாண்ட்) ஓடி, புதுசுல இல்லாதத எல்லாம் பழசுலயும் அழிச்சிருக்கும். இண்டெக்ஸ் ஃபைலே இல்லாத ஃபோல்டர காட்ட மாட்டேன்னு எஞ்சின்எக்ஸ் 403 சொல்லுது.

இத நான் புத்தகத்துல படிச்சி சொல்லல. ஒரு கோயில் திருவிழா ஸைட்ட தேர் அன்னைக்கு காலையில இப்பிடியே தொடச்சி எறிஞ்சேன், தேர் எந்த ரோட்டால வருதுனு எனக்கு தான் போன் மேல போன். அதுக்கு பிறகு ஆர்சிங்க்க நேரா லைவ் ஃபோல்டர் மேல ஏவுறதே இல்ல. ஒவ்வொரு பில்டும் தேதி, நேரம் பேர்ல ஒரு தனி ஃபோல்டருக்கு போகும். அதுல இண்டெக்ஸ் ஃபைல் இருக்கா, பக்க எண்ணிக்கை போன தடவைக்கு பக்கத்துல வருதானு ஸ்கிரிப்டே பாக்கும். சரினா மட்டும் "கரண்ட்"ங்கிற சிம்லிங்க் (ஃபோல்டர சுட்டுற குறுக்குவழி) புதுசுக்கு மாறும், எஞ்சின்எக்ஸுக்கு அந்த லிங்க் மட்டும் தான் தெரியும். பாதி பில்டுக்கு தோட்டத்துல மாதிரி அரைப்பேரு (அரை நாள் சம்பளம்) எல்லாம் கிடையாது, சைபர் தான், பழசு அப்பிடியே நிக்கும். லிங்க மாத்துறப்ப வேற பேர்ல புது லிங்க் செஞ்சி எம்வி (mv) கமாண்ட்ல பெரிய டி (-T) போட்டு பழசு மேல வைங்க, ஒரே அடியில மாறிரும், நேரா எல்என் (ln) கமாண்ட்ல மாத்தினா, பழைய வெர்ஷன்கள்ல நடுவுல ஒரு கண் சிமிட்டுற நேரம் லிங்கே இருக்காது. பழைய ஃபோல்டர் அஞ்ச வச்சிக்கிட்டு மிச்சத்த அழிங்க.

கேள்வி (பண்டாரவளை): வீட்டுல ராஸ்பெரி பைங்கிற குட்டி கம்ப்யூட்டர் இருக்கு, 4ஜி ரூட்டர் இருக்கு. எதுக்கு விபிஎஸ்ஸுக்கு காசு குடுக்கணும், வீட்டுலயே ஸைட் வச்சா என்ன?

பதில்: முதல்ல ரூட்டர் பக்கத்துல போய் வேன் (WAN) ஐபி, அதாவது ரூட்டரோட வெளிப்பக்க முகவரி என்னனு பாருங்க. 100.64ல இருந்து 100.127 வரைக்கும் உள்ளதுல ஆரம்பிச்சா நீங்க சிஜிநாட்டுக்குள்ள (பல வீட்டுக்கு ஒரே பொது ஐபிய பங்கிடுற முறை) இருக்கீங்க. லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடு) கடிதம் வர்ற கதை தெரியும் தானே, வீட்டுக்குனு தனி அட்ரஸ் இல்லாம தோட்டத்து பேர்லயே எல்லாம் வரும். இதுவும் அப்பிடித்தான், நீங்க வெளிய அனுப்பலாம், வெளிய இருந்து உங்கள தேடி வர வழி இல்ல. ரூட்டர்ல எத்தனை போர்ட் தொறந்தாலும் வேலைக்காகாது, ஏன்னா விஷயம் ரூட்டர் வரைக்கும் வந்தா தானே. கிளவுட்ஃப்ளேர் டனல் மாதிரி ஒண்ணு போட்டா பை தானே வெளிய கூப்பிட்டு லைன புடிச்சி வச்சிக்கிடும், அது ஒரு வழி. ஆனா மழைக்காலத்துல இடி இடிச்சா நம்ம ஆளுங்க முதல் வேலையா ப்ளக்க புடுங்குறவங்க, அதோட திடுதிப்புனு கரண்ட் போனா எஸ்டி கார்டும் கெட்டுப் போகலாம். என்னைக் கேட்டா ராஸ்பெரி பையில பில்ட் பண்ணுங்க, வந்த ஃபைல்கள எஸ்எஸ்எச் (பாதுகாப்பான தொலை இணைப்பு) வழியா ஒரு சின்ன விபிஎஸ்ஸுக்கு தள்ளிருங்க. அது வெளிய போற பயணம் தானே, சிஜிநாட் தடுக்காது. வீட்டுல கரண்ட் இல்லாட்டி புது பக்கம் தான் லேட், ஸைட் விழாது.

கேள்வி (தலவாக்கலை): புஷ் பண்ணதும் ஸைட் தானா பில்ட் ஆகி ஏற ஜென்கின்ஸ்ங்கிற தானியங்கி பில்ட் சர்வர் போடணும்னு ஃப்ரெண்ட் சொல்றான், போடவா?

பதில்: ஒரு ஆளு, ஒரு ஸைட்டு. கிட்டோட போஸ்ட்-ரிசீவ் ஹூக் (புஷ் வந்து சேர்ந்ததும் தானா ஓடுற ஸ்கிரிப்ட்) ஒண்ணு போதும். ஸ்கிரிப்டுக்கு எக்ஸிக்யூட் அனுமதி குடுக்க மறந்திராதீங்க. ஹூக்குக்குள்ள வேற ரெப்போவுக்கு (கிட் களஞ்சியம்) போய் புல் பண்றீங்கனா, அதாவது புதுசா வந்தத இழுக்குறீங்கனா, முதல்ல கிட்டிர் (GIT_DIR)ங்கிற வேரியபிள அன்ஸெட் பண்ணுங்க, இல்லாட்டி ரெப்போவுக்குள்ளயே நின்னுக்கிட்டு "இது கிட் ரெப்போவே இல்ல"னு சண்டைக்கு வரும். நாலஞ்சு பேர் சேர்ந்து எழுத ஆரம்பிச்சா அப்ப ஃபோர்ஜெயோவும் (நம்ம சர்வர்லயே வைக்கிற கிட் தளம்) அதோட ரன்னரும் (பில்ட் ஓட்டுற புரோகிராம்) போட்டுக்கலாம்.

கேள்வி (மஸ்கெலியா): லெட்ஸ் என்க்ரிப்ட் (இலவசமா ஸைட்டுக்கு பாதுகாப்புச் சான்று குடுக்கிற அமைப்பு) சர்டிஃபிகேட் புதுப்பிச்சாச்சுனு லாக்ல இருக்கு, ப்ரவுசர் காலாவதினு சொல்லுது?

பதில்: ஃபைல் புதுசு, எஞ்சின்எக்ஸ் ஞாபகத்துல பழசு. ரீலோட் பண்ணுங்க. போனுக்கு போடுற ரீலோட் இல்ல, எஞ்சின்எக்ஸ் ரீலோட். சர்டிஃபிகேட்ட புதுப்பிக்கிற சர்ட்பாட்டோட டிப்ளாய் ஹூக்ல (புதுப்பிச்சதும் ஓடுற கமாண்ட்) அந்த ஒரு வரிய எழுதி வச்சிட்டா ஒவ்வொரு தடவ புதுப்பிக்கிறப்பவும் அதுவே பாத்துக்கிடும்.