மனசு விட்டுக் கேளுங்க: இது அவ குணமா, நோயா?

இந்த மாசம் பெங்களூர்லேர்ந்து வந்த லெட்டர்ஸ்ல பாதிக்கு மேல பர்சனாலிட்டி டிசார்டர் பத்தித்தான், அதாவது ஆளுமைக் கோளாறு. எல்லாத்துக்கும் இடம் பத்தாது, மூணு எடுத்துக்கிட்டேன். முதல் பதில் நீளமா போயிடுச்சு, அந்த அம்மாவுக்குச் சுருக்கமா சொல்ல எனக்கு மனசு வரல.

கேள்வி: அல்சூர்ல இருக்கோம். ஒரே பொண்ணு, 23 வயசு, ஐடி வேலை. காலேஜ் ரெண்டாவது வருஷத்துலேர்ந்தே இப்படித்தான். ஃப்ரெண்டு மெசேஜைப் பார்த்துட்டு பதில் போடலன்னா அன்னிக்கு வீடே ரணகளம். காலைல "நீதாம்மா எனக்கு எல்லாம்"னு கட்டிப்பிடிப்பா, ராத்திரி "என்னை ஏன் பெத்த"ன்னு கத்துவா. ஏப்ரல் வெயில்லயும் முழுக்கை சுடிதாரே போட்டுட்டிருந்தா, ஒருநாள் துணி மடிக்க வந்தப்போ கை விலகி தழும்பைப் பார்த்துட்டேன். ஒரு டாக்டர் "கவனத்தை இழுக்கப் பண்றா, கண்டுக்காதீங்க"ன்னார். இன்னொருத்தர் பார்டர்லைன் பர்சனாலிட்டி டிசார்டர்னு எழுதிக் குடுத்தார். மாமியார் கல்யாணம் பண்ணா சரியாயிடும்ங்கறாங்க. நான் வளர்த்ததுதான் தப்பா? ஆபீஸுக்குத் தெரிஞ்சுடுமோன்னும் பயமா இருக்கு.
- ஒரு அம்மா

பதில்: அம்மா, முதல்ல அந்தத் தழும்பு. "கண்டுக்காதீங்க"ன்னு சொன்னவர் மேல எனக்குக் கோவம் வருது, மறைக்கலாமா? கவனத்தை இழுக்கறவ யாராவது ஏப்ரல் மாசம் முழுக்கை போட்டு மறைப்பாளா? உள்ள இருக்கற வலி தாங்க முடியாம போறப்போ அதை ரெண்டு நிமிஷமாவது அடக்க அவளுக்குத் தெரிஞ்ச ஒரே வழி அதுன்னு எடுத்துக்கோங்க. அதனால இன்னிக்கே, சண்டை இல்லாத ஒரு நேரமா பார்த்து, பக்கத்துல உட்கார்ந்து "கையைப் பார்த்தேன்டா, உனக்கு உயிரை விட்டுடலாம்னு எப்பவாவது தோணுதா?"ன்னு நேராவே கேளுங்க. கேட்டா அந்த எண்ணமே வந்துடும்னு பயப்படாதீங்க, அப்படி வராது, பெரும்பாலும் "அப்பாடா, ஒருத்தர் கேட்டாங்க"ன்னு அழுதுடுவாங்க. "ஆமா"ன்னு சொன்னா தனியா விடாதீங்க, நேரா எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போங்க, ஓசூர் ரோடுல டெய்ரி சர்க்கிள் பக்கத்துல நிம்ஹான்ஸ்ங்கற மனநல ஆஸ்பத்திரி இருக்கு, ராத்திரியிலயும் பார்ப்பாங்க. உடனே பேச ஆள் வேணும்னா 14416, டெலி மானஸ்ங்கற அரசாங்க மனநல ஹெல்ப்லைன், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

இப்ப அந்தப் பேருக்கு வரேன். கோவக்காரர், சந்தேகப் பிராணி, கூச்ச சுபாவம்னு நம்ம எல்லாருக்கும் ஒரு குணம் உண்டு, ஆனா இடத்துக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் வளைஞ்சு குடுப்போம். வீடு, ஆபீஸ், ஃப்ரெண்ட்ஸ்னு எங்க போனாலும் அதே மாதிரியே நடந்து, வருஷக் கணக்கா மாறாம, அவங்களையோ கூட இருக்கறவங்களையோ அது நோகடிச்சுட்டே இருந்தா அப்பத்தான் கோளாறுங்கறோம். சாதாரணமா டீன் ஏஜ்லயோ 20களோட ஆரம்பத்துலயோ தெரிய ஆரம்பிக்கும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ல வெளியிட்ட கையேட்டுல இதுல 10 வகை சொல்றாங்க, மூணு கூட்டமா பிரிச்சு. யாரையும் நம்பாம, யாரோடயும் ஒட்டாம, விசித்திரமான நம்பிக்கைகளோட இருக்கறவங்க முதல் கூட்டம். உணர்ச்சி கொந்தளிக்கறவங்க, அடுத்தவங்க உரிமையை மதிக்காதவங்க ரெண்டாவது, பார்டர்லைன், நார்சிஸம் (தான்தான் பெரிசுன்னு நினைக்கறது) எல்லாம் இதுலதான். பயமும் தயக்கமும் பிடிவாதமான ஒழுங்கும் மூணாவது. ஆனா ஒருத்தருக்கே மூணு வகை பொருந்தறது சர்வசாதாரணம், அதனால உலக சுகாதார நிறுவனம் 2022லேர்ந்து நடைமுறைக்கு வந்த தன்னோட பட்டியல்ல இந்த வகைகளையே எடுத்துட்டு, லேசா, நடுத்தரமா, கடுமையான்னு தான் முதல்ல பார்க்கச் சொல்லுது, பார்டர்லைன் மட்டும் ஒரு கூடுதல் குறிப்பா நிக்குது. டாக்டருக்கு டாக்டர் பேரு மாறுதேன்னு குழம்பறவங்களுக்காக இதைச் சொல்றேன்.

பார்டர்லைன்ங்கற வார்த்தையே பழசும்மா. 1938ல அடால்ஃப் ஸ்டெர்ன்ங்கற டாக்டர், அந்தக் காலத்துல நியூரோசிஸ் (நிஜம் தெரிஞ்சும் பதற்றத்துல தவிக்கறது), சைகோசிஸ் (நிஜத்தோட தொடர்பே அறுந்து போறது)னு ரெண்டா பிரிச்சு வெச்சிருந்ததுல ரெண்டுக்கும் நடு எல்லையில நிக்கறவங்கன்னு வெச்ச பேரு. உங்க பொண்ணு "பைத்தியத்தோட விளிம்புல" இருக்கான்னு அதுக்கு அர்த்தமே இல்ல. விட்டுட்டுப் போயிடுவாங்களோங்கற பயம், உறவுகள்ல உச்சி இல்லன்னா பாதாளம், நான் யாருங்கறதே பிடிபடாம இருக்கறது, உள்ள வெறுமை, அடங்காத கோவம், தன்னையே காயப்படுத்திக்கறதுன்னு 9 அடையாளம் சொல்றாங்க, அதுல 5 இருக்கணும். நீங்க எழுதின லெட்டர்லயே பாதி இருக்கு. பைபோலார்னு, அதாவது அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வர்ற நோய்னு யாராவது சொன்னா ஒண்ணு கவனிங்க, பைபோலார்ல மனநிலை மாறினா நாள் கணக்கா வாரக் கணக்கா நிக்கும், இதுல காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு, அதுவும் பெரும்பாலும் யாரோ ஒருத்தர் பண்ணின, இல்ல பண்ணாத ஒரு விஷயத்துலேர்ந்து கிளம்பும்.

அந்த ப்ளூ டிக் சமாச்சாரத்தையே எடுத்துக்கோங்க. நமக்கு "பிஸியா இருப்பா"ன்னு தோணும். உங்க பொண்ணுக்கு அஞ்சாவது நிமிஷம் "கோவமா இருக்காளோ", பதினஞ்சாவது நிமிஷம் "என்னைப் பிடிக்கல", அரை மணி நேரத்துல "எல்லாரும் என்னை விட்டுப் போவாங்க, நான் அதுக்குத்தான் லாயக்கு". அந்த நேரம் பார்த்து நீங்க "இதுக்குப் போயி இவ்ளோ சீனா, வந்து சாப்பிடு"ன்னீங்கன்னா உங்க மேல வெடிக்கும். தோலே இல்லாத இடத்துல தண்ணி பட்டா எப்படி எரியும், அந்த மாதிரி.

நான் வளர்த்ததுதான் தப்பான்னு கேட்டீங்க. ஒரே ஒரு காரணம்னு கிடையாதும்மா. இரட்டைப் பிள்ளைகளை வெச்சுப் பண்ணின ஆய்வுகள் பரம்பரைக்குக் கணிசமான பங்கு இருக்குன்னு காட்டுது, சில குழந்தைங்க பிறக்கும்போதே உணர்ச்சி சட்டுன்னு பத்திக்கற, மெதுவா அடங்கற மாதிரி பிறக்கறாங்க. அதோட சின்ன வயசு அடி, பாலியல் தொந்தரவு, அனாதரவா விடப்பட்டதுன்னு ஏதாவது சேர்ந்தா ஆபத்து கூடுது, ஆனா அப்படி எதுவுமே நடக்காத வீட்டுப் பிள்ளைங்களுக்கும் வருது. இன்னொண்ணும் இருக்கு, உங்களைக் குத்திக் காட்டறதுக்காகச் சொல்லல, அழுத குழந்தைகிட்ட "இதுக்கெல்லாமா அழுவாங்க"ன்னு நம்ம வீடுகள்ல எல்லாரும் சொல்லித்தான் வளர்க்கறோம், சில குழந்தைக்கு அது ஒண்ணும் பண்ணாது, இந்த மாதிரிக் குழந்தைக்குத் தன் உணர்ச்சியே தப்புன்னு பதிஞ்சுடும். தெரியாம நடந்தது. இனிமே மாத்திக்கலாம். அடுத்த தடவை "அவ பதில் போடாதது உனக்கு ரொம்ப வலிக்குது இல்ல? நான் இங்கயே உட்கார்ந்திருக்கேன்"னு மட்டும் சொல்லிப் பாருங்க. புத்திமதி, தீர்வு எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.

இது குணமாகுமான்னு நீங்க கேட்கவே இல்ல, கேட்கப் பயமா இருந்திருக்கும்னு நினைக்கிறேன். பத்து வருஷம் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள்ல பெரும்பாலானவங்களுக்கு அறிகுறிகள் நல்லாவே அடங்கியிருக்கு. வேலையும் உறவும் நிலைப்படறதுக்கு இன்னும் கொஞ்ச காலம் எடுக்கும், ஆனா முதல்ல அடங்கறதுல இந்தக் கையைக் காயப்படுத்திக்கறதும் ஒண்ணு. இதுக்குன்னே தனியா அங்கீகரிச்ச மாத்திரை எதுவும் இல்ல, டிப்ரஷன், தூக்கமின்மை கூட இருந்தா அதுக்கு டாக்டர் குடுப்பார், அதை நீங்களா நிறுத்தாதீங்க. முக்கிய வைத்தியம் பேச்சு வைத்தியம்தான். அதுல அதிகம் ஆராய்ச்சி ஆனது டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி, டிபிடின்னு சொல்லுவாங்க. முழுசா பண்ணா சுமார் ஒரு வருஷம், வாரம் ஒருநாள் தனியா தெரபிஸ்டோட, ஒருநாள் குரூப்ல பயிற்சி, நடுவுல தாங்க முடியலன்னா போன். கொந்தளிக்கறப்போ ஐஸ் தண்ணியில முகத்தை முக்கறது மாதிரி உடம்பை அடக்கி மனசை அடக்கற வித்தையிலேர்ந்து, வேணும்ங்கறதை சண்டை இல்லாம கேட்கறது வரைக்கும் சொல்லித் தருவாங்க. இதை உண்டாக்கின மார்ஷா லினெஹன், டீன் ஏஜ்ல தானே தன்னைக் காயப்படுத்திக்கிட்டு ஆஸ்பத்திரியில கிடந்தவங்க, 2011ல வெளிப்படையா சொன்னாங்க. இதைப் பொண்ணுகிட்ட சொல்லுங்க, எத்தனையோ பேருக்கு நான் சொல்லி அவங்க முகம் மாறினதைப் பார்த்திருக்கேன். டிபிடி கிடைக்கலன்னா சின்ன வயசுலேர்ந்து பதிஞ்ச எண்ணங்களை மாத்தற ஸ்கீமா தெரபி, தன் மனசையும் அடுத்தவங்க மனசையும் புரிஞ்சுக்கப் பழக்கற மென்டலைசேஷன் தெரபின்னு வேற நல்ல வழிகளும் இருக்கு, "நீங்க இதுல பயிற்சி எடுத்தவரா?"ன்னு தெரபிஸ்டைக் கேட்கறது தப்பே இல்ல.

ஆபீஸ் பயம் வேண்டாம். 2017 மனநலச் சட்டப்படி வைத்திய விவரத்தை ரகசியமா வெச்சுக்கணும், உடம்பு நோய்க்கு மாதிரியே இதுக்கும் இன்சூரன்ஸ் தரணும். கல்யாணத்தை இப்பத்திக்கு யாரும் வாயில எடுக்கக் கூடாது, மாமியார்கிட்ட உங்க வீட்டுக்காரரை விட்டுச் சொல்லச் சொல்லுங்க. நெருங்கின உறவுதான் இவளுக்குப் பத்திக்கற இடம், அதையே மருந்துன்னு குடுக்கறது ரெண்டு பேருக்கும் அநியாயம். வைத்தியம் எடுத்து நிதானமானப்புறம் அவளே விரும்பிப் பண்ணிக்கிட்டா அது வேற கதை.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 41. துண்டு மடிப்பு கோணலா இருந்தா திரும்ப மடிப்பார், ஞாயித்துக்கிழமைக்குக் கூட டைம் டேபிள். போன வாரம் பையன் ஹோம்வொர்க்ல எழுத்து சரியில்லன்னு பேஜைக் கிழிச்சுட்டார். ஓசிடியா?
- ஒயிட்ஃபீல்ட் வாசகி

பதில்: ஓசிடி வேற சகோதரி. அதுல வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, கை கழுவறது, பூட்டைப் பார்க்கறதுன்னு பண்ண வெச்சு வதைக்கும், பெரும்பாலானவங்களுக்கு அது அர்த்தமில்லாததுன்னு தெரியும், ஆனா விட முடியாது. உங்க வீட்டுக்காரருக்குத் தான் பண்றது சரின்னுதான் தோணுது, மத்தவங்கதான் சோம்பேறிங்க, இல்லையா? அது மூணாவது கூட்டத்துல வர்ற ஒப்செசிவ் கம்பல்சிவ் பர்சனாலிட்டியா இருக்கலாம், நேர்ல பார்க்காம நான் முத்திரை குத்த மாட்டேன். இந்த மாதிரி ஆளுங்க "எனக்கு நோய்"னு வரவே மாட்டாங்க, பிபி, தூக்கம் வரல, ஆபீஸ்ல டெலிகேட் பண்ண முடியலன்னுதான் வருவாங்க. அதையே வழியா பிடிங்க, "உங்களுக்கு கோளாறு"ன்னு ஆரம்பிச்சா கதவு மூடிடும். ஆனா அந்தக் கிழிச்ச பேஜை சும்மா விடாதீங்க. பையன் இல்லாத நேரத்துல "அவன் நோட்டுல இனிமே கை வைக்காதீங்க, ஹோம்வொர்க் நான் பார்த்துக்கறேன்"னு தெளிவா சொல்லிடுங்க. பையனையும் கூப்பிட்டு, எழுத்து நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொல்லுங்க.

கேள்வி: ரீல்ஸ் பார்த்தப்புறம் எங்கப்பா நார்சிஸிஸ்ட்னு புரிஞ்சுது. அவரோட பேச்சை நிறுத்திடலாமா?
- 20 வயசு, மாரத்தஹள்ளி

பதில்: தம்பி, அரை நிமிஷ வீடியோவுல சொல்ற அஞ்சு அடையாளம் பாதி அப்பாக்களுக்குப் பொருந்தும். பயிற்சி பெற்ற டாக்டரே பல தடவை உட்கார வெச்சுப் பேசி, வீட்டு ஆளுங்களையும் கேட்டு, குடி, தைராய்டு, டிப்ரஷன் எல்லாம் தள்ளிப் பார்த்துட்டுத்தான் அந்த வார்த்தையை எழுதுவார். ஆனா உன் வலி பொய் இல்ல. அவர் உன்னை அடிக்கிறாரா, எல்லார் முன்னாடியும் அவமானப்படுத்தறாரா, காசைப் பிடிச்சு வெக்கிறாரா? பேரை விட்டுட்டு நடந்ததை மட்டும், தேதி போட்டு, இருக்கற மாதிரி எழுதி அனுப்பு. அடி விழுதுன்னா அந்தப் பதிலுக்குக் காத்திருக்காத, நம்பற ஒரு சித்தப்பாவோ மாமாவோ இருந்தா இன்னிக்கே அவர்கிட்ட போய் இரு.