ரிப்பனின் சிவப்பு ஓரம் எந்தப் பக்கம்?

கேள்வி: என்னிடம் டோப்ஃபர் ஏ-100 சின்தசைசர் (மாட்யூல் எனப்படும் தனித்தனிப் பகுதிகளைப் பெட்டியில் பொருத்திச் சேர்க்கும் மின்னணு இசைக்கருவி) இருக்கிறது. வெளியூர் நிகழ்ச்சிகளுக்காக அதிலிருந்து ஒலியை உருவாக்கும் மாட்யூலான ஏ-110 ஆஸிலேட்டரைக் கழற்றி, வேறொரு சிறிய பெட்டியில் மாட்டியிருந்தேன். இப்போது பழைய பெட்டியிலேயே பொருத்தப் போகிறேன். அதற்கு மின்சாரம் கொண்டுவரும் ரிப்பன் கேபிள் எந்தப் பக்கம் திருப்பினாலும் உள்ளே போகிறது. மாற்றிச் செருகினால் என்ன ஆகும்? இன்னொரு சந்தேகம்: சிறிய பெட்டியில் கீபோர்டுக்கும் ஆஸிலேட்டருக்கும் நடுவே கேபிள் குத்தினால்தான் சுருதி மாறியது. பழைய பெட்டியில் அப்படிக் குத்திய நினைவே இல்லையே, ஏன்? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: செருகுவதற்கு முன்பே கேட்டீர்களே, அதுவே பெரிய நிம்மதி. சர்வீசுக்கு என்னிடம் வரும் மாட்யூல்களில் பல, இந்த ஒரு ரிப்பனால் எரிந்தவை.

ஸ்விட்சை அணைத்தால் போதாது. பிளக்கைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் உள்ளேயே இருக்கும் பெட்டி என்றால் வீட்டு மின்சாரமே உள்ளே வந்து போகிறது.

இனி ரிப்பன். அதில் 16 கம்பிகள் உண்டு, ஓர் ஓரத்தில் மட்டும் சிவப்புக் கோடு ஓடும். அந்தக் கோடு மைனஸ் 12 வோல்ட்டுக்கு உரியது. பெட்டிக்குள் எல்லா மாட்யூல்களுக்கும் மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பலகையான பஸ் போர்டில் மைனஸ் 12 எனக் குறித்திருக்கும் பக்கம்தான் சிவப்பு வர வேண்டும். மாட்யூல் முனையையும் இப்படியே சரிபாருங்கள். சிறிய பெட்டிக்காகக் கேபிளையே யாராவது மாற்றியிருக்கலாம், அல்லது அந்த முனையில் திருப்பிச் செருகியிருக்கலாம்.

திருப்பிச் செருகினால் நடப்பது இது: பஸ் போர்டின் பிளஸ் 12 வோல்ட், மாட்யூலின் கிரவுண்டுக்குள் (0 வோல்ட் இணைப்புக்குள்) நுழையும். அந்தக் கிரவுண்டு வழியாகவே 5 வோல்ட் கம்பிக்கும், சுருதியைக் கொண்டுபோகும் கம்பிக்கும் தாவிவிடும். ஆகவே உங்கள் ஆஸிலேட்டரோடு போகாது. அதே போர்டில் தொங்கும் மற்ற மாட்யூல்களும் அடிவாங்கும். திசை சரியாக இருந்தும் ஒரு வரிசை தள்ளி உட்கார்ந்தால் அதுவும் ஆபத்துதான். பழைய போர்டுகளில் பின்களைச் சுற்றித் தடுப்பு இல்லாததால் இது சுலபமாக நேர்ந்துவிடும். 12 வோல்ட் கம்பிகளில் ஒன்று கிரவுண்டோடு சேர்ந்துகொள்ளும். செருகிய பிறகு டார்ச் அடித்து மேலும் கீழும் பாருங்கள்: ஒரு பின்கூட வெளியே தெரியக் கூடாது.

முகப்புத் தகட்டின் திருகுகளை முதலில் பாதி மட்டும் ஏற்றுங்கள். பக்கத்து மாட்யூலோடு ஒட்டி நேராக நின்றதும் முறுக்குங்கள், அதுவும் விரல் பலத்துக்குத்தான். இவை எம்3 திருகுகள். அழுத்தினால், அவை ஏறும் ரயிலின் (பெட்டியின் குறுக்குச் சட்டத்தின்) மரை போய்விடும்.

உங்கள் இரண்டாவது சந்தேகம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஏ-100 பெட்டியின் பஸ் போர்டு மின்சாரத்தோடு இரண்டு செய்திகளையும் சுமக்கிறது: எந்தச் சுரம் என்பதைச் சொல்லும் வோல்டேஜ் ஒன்று, கட்டையை அழுத்தியிருக்கிறீர்களா என்பதைச் சொல்லும் கேட் சிக்னல் மற்றொன்று. கீபோர்டின் மிடி செய்தியை வோல்டேஜாக மாற்றும் மிடி இன்டர்ஃபேஸ் மாட்யூல் இவற்றை போர்டில் ஏற்றும்படி ஜம்பர் (இரு பின்களை இணைக்கும் சின்ன மூடி) வைத்திருந்தால், ஆஸிலேட்டரின் முதல் சிவி (கட்டுப்பாட்டு வோல்டேஜ்) சாக்கெட் காலியாக இருக்கும்போது சுருதி பின்பக்கமாகவே வந்து சேரும். பல சிறிய பெட்டிகளில் இந்தக் கம்பிகளே இருப்பதில்லை. அதனால்தான் அங்கே கேபிள் தேவைப்பட்டது. 10 கம்பி ரிப்பனைப் போட்டாலும் இந்தச் செய்தி வராது என்பதால் பழைய 16 கம்பி ரிப்பனையே தேடி எடுங்கள். முன்பக்கம் எதுவும் குத்தாமலே கட்டைக்கேற்பச் சுருதி நகர்ந்தால் அது பழுது அல்ல, பெட்டி தன் வேலையைச் செய்கிறது. சுருதியை போர்டில் ஏற்றுவது ஒரே ஒரு மாட்யூலாக இருக்கட்டும். இரண்டு ஏற்றினால் ஒன்றோடொன்று மோதும்.

முதல்முறை ஆன் செய்யும்போது கை ஸ்விட்சிலேயே இருக்கட்டும். மற்ற மாட்யூல்களின் விளக்குகள் மங்கினாலோ வாசனை வந்தாலோ உடனே அணையுங்கள். எல்லாம் சரியென்றால் அரை மணி நேரம் சூடேற விட்டுப் பிறகு சுருதி சேருங்கள். குளிர்ந்த ஆஸிலேட்டர் நகர்ந்துகொண்டேதான் இருக்கும். அதைப் பார்த்துப் பதறி, மாட்யூலின் சொந்த போர்டில் இருக்கும் டிரிம்மரை (நுண்திருத்தம் செய்யும் சிறு திருகை) திருகிவிடாதீர்கள். ஒரு ஆக்டேவுக்கு 1 வோல்ட் என்ற கணக்கு அதில்தான் நிற்கிறது.

கேள்வி: ஒரு மாட்யூலை விற்றதில் பெட்டியில் ஓர் இடம் காலி. திறந்தே விடலாமா? (வாசகர், மதுரை)

பதில்: வேண்டாம். ஒரு திருகு உள்ளே விழுந்து பஸ் போர்டில் கிடந்தாலே போதும், மேலே சொன்ன அத்தனை சேதமும் வரும். இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்து 5.08ஆல் வகுத்தால் எத்தனை ஹெச்பி (மாட்யூல்களின் அகலத்தை அளக்கும் அலகு) என்று தெரிந்துவிடும். அந்த அகலத்துக்கு வெற்றுத் தகடு கடையில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை 128.5 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டித் துளையிடச் சொல்லுங்கள். அகலத்தில் கால் மில்லிமீட்டர் குறைத்தே வெட்டட்டும். இல்லையென்றால் பக்கத்து மாட்யூலை நெருக்கும்.