சூட்டினும் உரித்த மாடும்: சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: ஓவியர் கயீம் சூட்டின் ரஷ்யரா, பிரெஞ்சுக்காரரா? இரண்டு விதமாகவும் எழுதுகிறார்களே?

பிறந்தது 1893இல், மின்ஸ்க் பக்கம் ஸ்மிலாவிச்சி என்ற சிற்றூரில். அன்றைக்கு ரஷ்யப் பேரரசு, இன்றைக்கு பெலாரஸ். பழந்துணி தைத்துப் பிழைத்த யூதக் குடும்பம், பதினொரு பிள்ளைகளில் பத்தாவது. 1913இல் பாரிஸ் வந்தவர் கடைசிவரை பிரான்சில்தான் இருந்தார்.

கேள்வி: படம் வரைந்ததற்கு அடி வாங்கினாராமே?

ரபி (யூத மதகுரு) ஒருவரை வரைந்ததற்காக உதைத்தார்கள், அதற்குக் கிடைத்த நஷ்டஈட்டில்தான் மின்ஸ்க் போய்ப் படித்தார் என்பார்கள். கொஞ்சம் மசாலா சேர்ந்த கதை என்றே எனக்குப் படுகிறது.

கேள்வி: ஸ்டூடியோவில் மாட்டைத் தொங்கவிட்டது நிஜமா?

நிஜம்தான். டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் 1655இல் வரைந்த ‘உரித்த மாடு’ படம் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சூட்டினுக்கு அதன்மேல் பித்து. 1925 வாக்கில் முழு மாட்டை வாங்கிவந்து தொங்கவிட்டு வரைய ஆரம்பித்தார். நாளாக ஆக இறைச்சி காய்ந்து கறுக்கும். உடனே வாளியில் ரத்தம் வாங்கிவரச் சொல்லி மேலே ஊற்றுவார், மறுபடி சிவக்கும். ஈ ஓட்டத் தனியாக ஓர் ஆள். நாற்றம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் புகார் கொடுக்க, சுகாதாரத் துறையினர் வந்துவிட்டார்கள். ‘பைத்தியம்’ என்று சிரிக்க வேண்டாம். எதிரில் பொருள் இல்லாமல் அவருக்குத் தூரிகை ஓடாது. படத்தில் அந்தச் சிவப்புக்குப் பக்கத்திலேயே நீலம் நிற்பதைப் பாருங்கள், மாமிசம் இன்னும் துடிப்பதுபோல இருக்கும்.

கேள்வி: வறுமை எப்போது தீர்ந்தது?

அமெரிக்கச் சேகரிப்பாளர் ஆல்பர்ட் பார்ன்ஸ் 1922–23 குளிர்காலத்தில் பாரிஸ் வந்தபோது. ஒரே வீச்சில் 50க்கு மேற்பட்ட படங்களை வாங்கிக்கொண்டார். பெரும்பாலும் தெற்கே செரே ஊரில் வரைந்தவை. வீடும் மரமும் புயலில் சிக்கியதுபோல முறுக்கிக்கொண்டு நிற்கும். வேடிக்கை என்னவென்றால், பிற்பாடு சூட்டினுக்கே செரே படங்கள் பிடிக்காமல் போயின. தேடிப்பிடித்து வாங்கிக் கிழித்துப்போட்டார்!

கேள்வி: நாஜிகள் கையில் இறந்தாரா?

இல்லை. யூதர் என்பதால் கிராமம் கிராமமாக ஒளிந்து வாழ்ந்தார். பழைய வயிற்றுப்புண் முற்றி உள்ளே ஓட்டை விழுந்துவிட்டது. பிடிபடாமல் சுற்றுவழியில் பாரிஸ் கொண்டுவந்து அறுவைசிகிச்சை செய்தும் பிழைக்கவில்லை. 1943 ஆகஸ்ட் 9. மோன்பர்னாஸ் கல்லறையில் புதைத்தார்கள்.

கேள்வி: பாரிஸ் போகிறேன். எங்கே பார்ப்பது?

ஒரான்ஜெரி அருங்காட்சியகம். அங்கே ஓவியர் மோனே வரைந்த அல்லிக்குளப் படங்களைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள், கீழ்த்தளத்துக்கு இறங்குங்கள், சூட்டின் அங்கேதான்.