பீட்டர் பாண்டி யார்?

அன்புள்ள ஐயா,

உங்கள் நாவலில் மீனாட்சியம்மன் கோயில் புதுமண்டபத்தில் தையல் மெஷின் போட்டிருக்கும் பீட்டர் பாண்டியை எனக்கும் அப்பாவுக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் அவர் பெயரை வைத்து வீட்டில் ஒரு வாரமாகச் சண்டை. நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற மனிதருக்கு எப்படி பீட்டர்? 1812 முதல் 1828 வரை மதுரை கலெக்டராக இருந்து, ஊரார் வாயில் 'பீட்டர் பாண்டியன்' ஆகிப்போன ரௌஸ் பீட்டரிடமிருந்து எடுத்திருக்கிறீர்கள் என்பது என் கணிப்பு. பாண்டியின் குடும்பத்தில் யாரோ முன்பு கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்திருப்பார்கள் என்கிறார் அப்பா. யார் சொல்வது சரி?

ச., திருமங்கலம்

அன்புள்ள ச.,

முதலில் உங்கள் அப்பாவுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துப் பழைய கத்தோலிக்கக் குடும்பங்களில் பேதுருவின் பெயர் ராயப்பன் என்றுதான் வழங்கும். பவுல் சின்னப்பன், யோவான் அருளப்பன். பாண்டியின் தாத்தா வேதத்தில் சேர்ந்திருந்தால் பேரன் ராயப்பனாக வந்திருக்க வாய்ப்பு அதிகம். பீட்டர் என்று வைக்கிற கிறிஸ்தவர்களும் நிறையப் பேர் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நான் அந்த வழியில் யோசிக்கவே இல்லை.

உண்மை இதைவிடச் சாதாரணம். கடைகளெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறுவதற்கு முன்னால் நீங்கள் புதுமண்டபத்துக்குள் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். திருமலை நாயக்கர் எழுப்பிய மண்டபம். சிற்பத் தூணுக்குத் தூண் தையல் மெஷின். சுற்றிப் பார்க்க வந்த வெள்ளைக்காரர், போட்டிருக்கிற சட்டையைக் கழற்றிக் காட்டி இதே மாதிரி வேண்டும் என்பார். கோயிலைச் சுற்றிவிட்டு வருவதற்குள் தைத்துவிடுவார்கள். அங்கே ஒருவர் இருந்தார். சொந்தப் பெயரில் பாண்டி உண்டு, முழுதாகச் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்தைத் தாண்டாத மனிதர். ஆனால் ஆங்கிலத்தில் பேரம் பேசுவார், பிரெஞ்சில் நாலு வார்த்தை விடுவார், தையல் கூலியை விட்டுக்கொடுக்கவே மாட்டார். பக்கத்துக் கடைப் பையன்கள், "பாண்டியண்ணன் பீட்டர் விட ஆரம்பிச்சிட்டாருடா" என்பார்கள். நாளடைவில் 'விட' உதிர்ந்துபோய் பீட்டர் பாண்டி நின்றது. நாவலுக்கு அதை அப்படியே தூக்கிக்கொண்டேன். இதில் ஆராய்ச்சி எதுவும் இல்லை.

இங்கேயே நிறுத்தியிருந்தால் நீங்கள் தோற்றுவிட்டீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மண்டபத்தில் எத்தனையோ பட்டப்பெயர்கள் காதில் விழுந்தன. 'மீட்டர்' என்றே ஒருவர் இருந்தார். அவரையெல்லாம் விட்டுவிட்டு இந்தப் பெயர் மட்டும் ஏன் என்னிடம் ஒட்டிக்கொண்டது?

அப்பத்தா ஞாபகம் வந்தது. சித்திரைத் திருவிழா ஐந்தாம் நாள் அம்மன் குதிரை வாகனத்தில் வருவதைப் பார்க்க மாசி வீதியில் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாள். "கால்ல கெடக்குற தங்க அங்கவடியப் பாரு, அது பீட்டரு தொர செஞ்சு போட்டது" என்பாள். அங்கவடி என்றால் குதிரைமேல் உட்காருபவர் கால் வைக்கிற வளையம். அப்புறம் கதை. இடி மழை ராத்திரி, சின்னப் பெண் ஒருத்தி துரையைப் படுக்கையிலிருந்து எழுப்பி வெளியே கூட்டிப்போகிறாள், அவர் வெளியே வந்ததும் இடி விழுந்து பங்களா சரிகிறது, திரும்பிப் பார்த்தால் பெண்ணைக் காணோம். அப்பத்தா சொல்லும்போது அந்தப் பெண்ணின் காலில் கொலுசு இருக்காது, செருப்பும் இருக்காது. "வெறுங்காலோட வந்தாடா, அதான் காலுக்குச் செஞ்சு போட்டான்." எனக்கு அந்தக் கதையில் இன்றைக்கும் பிடித்த இடம் அதுதான்.

அந்தத் துரைமேல் கஜானாப் பணத்தில் கை வைத்தவர் என்ற கறை இருப்பதை வளர்ந்த பிறகுதான் படித்தேன். அப்பத்தாவிடம் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள். ஊர் ஒருவனுக்குப் 'பாண்டியன்' என்று பேர் வைத்துவிட்டால் அப்புறம் கணக்குப் பார்ப்பதில்லை. வடக்குப் பக்கம் தூய ஜார்ஜ் ஆலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. கோயிலைப் பார்த்தபடி புதைக்கச் சொன்னார் என்பார்கள்.

ஆக, தையல்காரரிடமிருந்து எடுத்தேன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பீட்டரும் பாண்டியும் சேர்ந்து ஒலித்தபோது, ஏற்கனவே பழகிய பெயர்போல என் காதுக்குப் பட்டிருக்கிறது என்பதையும் மறுக்க முடியவில்லை. பாதி மதிப்பெண் உங்களுக்கு. அப்பாவுக்கு ராயப்பனோடு ஆறுதல்.

இன்னொன்று. நாவல் வந்ததும் ஒரு பிரதியை அந்தத் தையல்காரரிடமே கொடுத்தேன். பெயரைப் பற்றிக் கோபிப்பார் என்று பயந்துகொண்டுதான் போனேன். ஒரு வாரம் கழித்துப் போனபோது, "பேரு கெடக்கு சார். ஆனா நான் உக்காந்து பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கிற மாதிரி எழுதிப்புட்டீங்களே? அதுக்குக் காஜா பையன் இருக்கான்ல? மாஸ்டர் எதுக்கு எடுக்குறான்?" என்றார். அடுத்த பதிப்பில் திருத்திவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.